டில்ட் ஸ்டியரிங்கை ஃபிக்ஸ்டாக மாற்றுவது: வெல்டு வைக்காமல் செய்யும் முறை

ஸ்டியரிங்கின் உயரத்தை ஏற்றி இறக்க முடிந்தால் அது டில்ட், உயரம் மாறாமல் நின்றால் ஃபிக்ஸ்டு. டில்ட் லீவரை இறுக்கிப் பூட்டிய பிறகும் ஸ்டியரிங் மெல்ல மடிக்கு இறங்குகிறது. இல்லையென்றால் பள்ளத்தில் சக்கரம் விழும்போதெல்லாம் டேஷ்போர்டுக்குள் 'டக்' என்று தட்டுகிறது. இந்தக் கோளாறோடு பட்டறைக்குப் போனால் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் காதில் விழும் முதல் யோசனை, "ரெண்டு பொட்டு வச்சிருவோம் அண்ணாச்சி, ஆயுசுக்கும் அசையாது" என்பதுதான். பொட்டு என்றால் வெல்டு. அதற்கு மட்டும் சம்மதிக்க வேண்டாம்.

ஸ்டியரிங்கைத் தாங்கும் 'காலம்' (column) அசெம்ப்ளி ஒரே இரும்புக் குழாய் அல்ல. வெளிக்குழாய் இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும். உள்ளே சுழலும் ஷாஃப்டும் அப்படியே. இரண்டையும் பெரும்பாலும் சிறு பிளாஸ்டிக் ஊசிகள்தான் நிறுத்திப் பிடித்திருக்கும். மேல் பிராக்கெட்டில் போல்ட் போகும் இடத்திலும் பிளாஸ்டிக் வார்த்த கேப்ஸ்யூல் இருக்கும். முன்பக்கம் பலமாக மோதினால் இந்த பிளாஸ்டிக் முறிந்து குழாய் உள்ளுக்குள் சுருங்கும். ஓட்டுநரின் நெஞ்சு ஸ்டியரிங்கில் மோதும்போது அது விட்டுக்கொடுப்பது இதனால்தான். வெல்டு சூடு அந்த பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். உருகாமல் தப்பினாலும் சுருங்க வேண்டிய குழாய் ஈட்டி மாதிரி விறைத்து நிற்கும். கம்பெனி ஃபிக்ஸ்டு அசெம்ப்ளியில் டில்ட் மட்டும்தான் கிடையாது, சுருங்கும் ஏற்பாடு அப்படியே உண்டு. அதனால்தான் செலவு கூடினாலும் அசெம்ப்ளியையே மாற்றச் சொல்கிறோம்.

முதலில், ஆட்டம் எங்கே என்று பாருங்கள்

பாதி வண்டிகளுக்கு மாற்ற வேண்டிய தேவையே இருக்காது. சாவியைத் திருப்பி ஸ்டியரிங் லாக்கை விடுவியுங்கள், எஞ்சினை ஓட விட வேண்டாம். டில்ட் லீவரைப் பூட்டிவிட்டு, ஸ்டியரிங்கை 12 மணி, 6 மணி இடத்தில் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். இன்னொருவர் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அசைவு மூன்று இடத்தில் ஒன்றில் தெரியும்.

லீவர் இறுக்கும் கிளாம்ப்பில் நழுவினால், லீவர் போல்ட்டைச் சரிசெய்தாலே போதும். சில வண்டிகளில் லீவருக்குப் பின்னால் நட் இருக்கும். சிலவற்றில் லீவரே பல் வைத்த போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். லீவரைக் கழற்றி, போல்ட்டைச் சற்று இறுக்கி, ஒரு பல் தள்ளித் திரும்ப மாட்ட வேண்டும். லீவர் தன் ஓட்டத்தின் பாதியில் பிடிக்கத் தொடங்கி, முடிவில் நன்றாக இறுக வேண்டும். அந்த போல்ட் ரிவர்ஸ் திரெட்டாக இருக்கவும் வாய்ப்புண்டு. முரண்டு பிடித்தால் பைப் போட்டு நெம்புவதற்கு முன் எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

டில்ட் திரும்பும் அச்சான கீழ் பிவட் போல்ட்டில் ஆட்டம் என்றால் அதன் உறையான புஷ் தேய்ந்திருக்கும். புஷ் மட்டும் தனியாகக் கிடைத்தால் மாற்றலாம். பிராக்கெட்டில் இருக்கும் துளை ஓவலாகிவிட்டால் அசெம்ப்ளிக்கு ஆயுள் முடிந்தது. மூன்றாவது, பாடியில் மாட்டும் நான்கு நட்டுகள். இவை லூஸாக இருந்தால் இறுக்கினால் தீர்ந்தது. கேப்ஸ்யூல் உடைந்து பிராக்கெட் நழுவியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

ஸ்டியரிங்கை இடது வலமாகச் சுற்றும்போது தெரியும் வெற்று ஓட்டம் வேறு சங்கதி. அது இன்டர்மீடியட் ஷாஃப்டின் (காலத்தின் அடியைக் கீழே ரேக்கோடு இணைக்கும் தண்டு) கிராஸ் மூட்டு, சக்கரங்களைத் திருப்பும் ரேக், டை ராடு எண்டு இவற்றிலிருந்து வருவது. பெரும்பாலான சிறு கார்களில் ஸ்டியரிங் விளிம்பில் 30 மி.மீ. வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் கீழே தேடுங்கள். காலம் அசெம்ப்ளியை மாற்றி அது தீராது.

டில்ட் இவ்வளவு சீக்கிரம் தேய்வதற்கு இரண்டு பழக்கம் காரணம். உயரமான பிக்கப்பில் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி ஏறுவது ஒன்று. களக்காட்டு வாழைத்தார் லோடு வண்டியில் ஒரு நாளைக்கு முப்பது தடவை ஏறி இறங்கும் ஆளின் மொத்த எடையும் அந்தக் கிளாம்ப்பில்தான் விழுகிறது. இன்னொன்று, லீவர் இறுக்கமாக இருக்கிறதென்று ஆயில் அடிப்பது. பல வண்டிகளில் கிளாம்ப் தட்டுகளின் உராய்வில்தான் பிடியே நிற்கிறது. ஆயில் பட்டால் வழுக்கும். திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துத் தேரி மணல் அந்த ஆயிலில் ஒட்டினால் உப்புத்தாள் தேய்த்த மாதிரி அரைத்துவிடும்.

ஓட்டுநருக்குப் பொருந்துமா

ஃபிக்ஸ்டு போட்டபின் உயரம் மாற்ற முடியாது. பல மாடல்களில் அது டில்ட் ஓட்டத்தின் நடுப்பகுதிக்கு அருகில் நிற்கும். லீவரை நடுவில் பூட்டி நான்கு நாள் ஓட்டிப் பாருங்கள். கிளாம்ப் பிடிக்கவே இல்லையென்றால் வண்டியை நிறுத்தியபடி உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கக் கூடாது, ஸ்பீடாமீட்டர் முழுதாகத் தெரிய வேண்டும், நெஞ்சுக்கும் ஹாரன் பேடின் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும். ஒருவரே ஓட்டும் லோடு வண்டிக்கு இந்த மாற்றம் சரி. டிரைவிங் ஸ்கூல் வண்டி, ஷிஃப்டுக்கு ஷிஃப்டு ஆள் மாறும் டாக்ஸி இவற்றுக்கு டில்ட்டையே புதிதாகப் போடுவதுதான் புத்தி.

அசெம்ப்ளி வாங்கும்போது

ஒரே மாடலில் விலை கூடிய வேரியண்ட்டுக்கு டில்ட்டும், அடிப்படை வேரியண்ட்டுக்கு ஃபிக்ஸ்டும் கொடுப்பது நம் நாட்டுச் சிறு வண்டிகளில் சகஜம். உங்களுக்கு வேண்டியது அந்த அடிப்படை வேரியண்ட்டின் அசெம்ப்ளி. சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுங்கள். "பார்க்க ஒரே மாதிரி இருக்கு" என்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். திருநெல்வேலியில் கையிருப்பு இல்லையென்று மதுரையிலிருந்து வரவழைத்தால், திருப்பி அனுப்பும் அலைச்சலும் உங்களுக்குத்தான்.

கடையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் கிடத்தி ஒப்பிட வேண்டியவை: ஸ்டியரிங் வீல் உட்காரும் இடத்திலிருந்து அடியில் பல் வெட்டிய முனைவரை நீளம், மேல், கீழ் இரண்டு முனையிலும் ஸ்ப்ளைன் பல்லின் எண்ணிக்கை, மாட்டும் நான்கு துளைகளின் இடைவெளி, இக்னிஷன் லாக் உட்காரும் இடம், காம்பி ஸ்விட்ச் (இண்டிகேட்டர், லைட், வைப்பர் ஸ்விட்ச்) மாட்டும் கழுத்தின் விட்டம். நீளத்தில் ஓரிரு மி.மீ. வித்தியாசத்தை இன்டர்மீடியட் ஷாஃப்டின் சறுக்கு ஏற்றுக்கொள்ளும். 10 மி.மீ. வித்தியாசம் என்றால் அது வேறு வண்டியின் சாமான்.

எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வண்டிகளில் பலவற்றுக்கு மோட்டாரும், திருப்பும் விசையை அளக்கும் டார்க் சென்சாரும் காலம் அசெம்ப்ளியிலேயே இருக்கும். அப்படியிருந்தால் மோட்டாரோடு சேர்ந்த ஃபிக்ஸ்டு அசெம்ப்ளிதான் வேண்டும். பழையதிலிருந்து மோட்டாரையும் சென்சாரையும் பிரித்து இதில் பொருத்தும் வேலையில் இறங்காதீர்கள். அப்படிப்பட்ட அசெம்ப்ளி அந்த மாடலில் கிடையாது என்றால் வேலையை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான்.

காயலான் கடையில் (பெயரே காயல்பட்டினத்திலிருந்து வந்தது என்பார்கள்) எடுப்பதானால் கூடுதல் கவனம். முன்பக்கம் அடிபட்ட வண்டியின் காலம் வேண்டவே வேண்டாம். குழாயில் தெரியும் சிறு துளைகளில் பிளாஸ்டிக் முழுதாக நிற்கிறதா, கேப்ஸ்யூல் விரிசல் இல்லாமல் பிராக்கெட்டோடு ஒட்டியிருக்கிறதா, இரண்டு குழாய் சேரும் இடத்தில் புதிதாகச் சறுக்கிய பளபளப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கோடு இருந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை சுருங்கியது. இழுத்து நீளம் சரிசெய்து விற்பவர்களும் உண்டு. ஷாஃப்டை இரண்டு விரலால் சுற்றினால் எங்கும் தடுக்காமல் சுழல வேண்டும்.

கூடவே வாங்க வேண்டியது: மாட்டும் ஃபிளேஞ்ச் நட் 4, இன்டர்மீடியட் ஷாஃப்டின் கிராஸைக் கவ்வ வைக்கும் பின்ச் போல்ட் 2, ஸ்டியரிங் வீல் நட் 1, இக்னிஷன் லாக்குக்குத் தலை முறியும் போல்ட் 2, ஃபிக்ஸ்டு வேரியண்ட்டின் கீழ் கவர் 1, நீல திரெட் லாக் (மரை தளராமல் பிடிக்கும் பசை) சிறு டியூப் 1, கேபிள் டை ஆறேழு. கீழ் கவரை மறந்துவிடுவார்கள். பழைய கவரில் லீவருக்கு வெட்டிய சந்து திறந்தே கிடக்கும். அதன் வழியே தூசி காம்பி ஸ்விட்சுக்குள் போய், ஆறு மாதத்தில் இண்டிகேட்டர் மக்கர் பண்ணும்.

கழற்றுவது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களை நேராக வைத்து, பின்சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். ஏர்பேக் இருக்கும் வண்டியில் அதன்பின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். சில கம்பெனிகள் 90 விநாடி என்கின்றன, சில 3 நிமிடம் என்கின்றன. 5 நிமிடம் டீ குடித்துவிட்டு வந்தால் நஷ்டமில்லை. ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரில் டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர் எதையும் வைக்கக் கூடாது. அந்தச் சிறு மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கலாம். கழற்றிய ஏர்பேக்கை, கவர் மேலே பார்க்கும்படி ஆள் புழங்காத இடத்தில் வையுங்கள். கவிழ்த்து வைத்திருக்கும்போது வெடித்தால் அது ராக்கெட்டாகக் கிளம்பும்.

வீல் நட்டை நாலைந்து சுற்று தளர்த்தி, முழுதாகக் கழற்றாமல் அப்படியே விடுங்கள். வீலுக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்துப் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். புல்லர் போட்டு இழுங்கள். நட் இருப்பதால் வீல் திடீரென்று விட்டு முகத்தில் அடிக்காது. ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் தட்டக் கூடாது. தட்டினால் முறிவது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஊசி. பழையதைத்தானே தூக்கிப்போடப் போகிறோம் என்று தட்டிப் பழகிய கை, புதியதிலும் தட்டும்.

வீல் வந்ததும் கிளாக் ஸ்பிரிங் (ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் கரண்ட் கொண்டுபோகும் ரிப்பன் சுருள்) சுற்றாமல் இருக்க அதன் முகத்தில் குறுக்கே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிறகு மேல், கீழ் கவர், காம்பி ஸ்விட்ச், இமொபிலைசர் (சாவியை அடையாளம் காணும்) வளையம், இக்னிஷன் கப்ளர். ஒவ்வொரு வயரும் எந்தப் பக்கம் எந்தக் கிளிப்பில் போகிறது என்று போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

இன்டர்மீடியட் ஷாஃப்டும் காலமும் சேரும் கிராஸில் இரண்டுக்கும் சேர்த்துக் கோடு போடுங்கள். பின்ச் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் வராது. ஷாஃப்டில் அந்த போல்ட் உட்கார ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், போல்ட்டை முழுதாக உருவ வேண்டும். துரு பிடித்திருந்தால் (உவரி, கூட்டப்புளி மாதிரி கடலோர வண்டிகளில் நிச்சயம் இருக்கும்) துருநீக்கி அடித்து அரை மணி நேரம் ஊற விடுங்கள். கிராஸின் வெட்டுச் சந்தில் தட்டை ஸ்குரூடிரைவரை நுழைத்து இலேசாக விரித்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

இனி கீழ் இரண்டு நட், அப்புறம் மேல் இரண்டு. மேல் நட்டைக் கழற்றும்போது இன்னொரு ஆள் தாங்கிப் பிடிக்க வேண்டும். மோட்டார் உள்ள அசெம்ப்ளி கனமானது, கால் பெடலில் விழுந்தால் பிராக்கெட் வளையும்.

இக்னிஷன் லாக்கை மாற்றுவது

பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். லாக்கைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுக்கும் தலை இருக்காது. திருடன் கழற்றக் கூடாதென்று கம்பெனியில் இறுக்கும்போதே தலை முறியும்படி செய்த போல்ட் அது. மொழுக்கென்று வட்டமாக இருக்கும். பழைய அசெம்ப்ளியை பெஞ்ச் வைஸில் மரக்கட்டை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். போல்ட்டின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து, சின்ன பிட்டில் தொடங்கி 4, 5 மி.மீ. வரை ஓட்டை போட்டு எக்ஸ்ட்ராக்டரைச் செலுத்தித் திருப்புங்கள். விளிம்பில் சிறு உளி வைத்து இடஞ்சுழியாகத் தட்டியும் எடுக்கலாம். பழைய அசெம்ப்ளி என்பதால் இங்கே தட்டுவதில் தப்பில்லை. ஆனால் லாக்கின் உடல் அலுமினிய வார்ப்பு, உளி சறுக்கினால் அது போச்சு.

புதியதில் மாட்டும்போது சாவியை ஆன் நிலையில் வைத்தால் லாக்கின் நாக்கு உள்ளே இழுத்திருக்கும். லாக்கை உட்கார வைத்து, புது போல்ட்டைக் கையால் இறுக்கிவிட்டு நிறுத்துங்கள். சாவியை எடுத்து ஷாஃப்டைச் சுற்றினால் ஓரிடத்தில் 'க்ளிக்' என்று பூட்ட வேண்டும். சாவி போட்டால் முழுதாக விட வேண்டும். பத்துத் தடவை செய்து பாருங்கள். சரியாக வந்தால் மட்டும் போல்ட்டை இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்கித் தலையை முறியுங்கள். முறித்தபின் தவறு தெரிந்தால் மறுபடியும் டிரில்தான். ஓடும் வண்டியில் பாதி இறங்கிய நாக்கு ஸ்டியரிங்கைப் பூட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாட்டுவது

காலத்தை மேல் நட்டு இரண்டிலும் தொங்கவிட்டு, கையால் மட்டும் இறுக்குங்கள். முன்சக்கரம் நேராக இருப்பதை மறுபடி பார்த்துவிட்டு, அடிப்பல்லைக் கிராஸில் நுழையுங்கள். புது அசெம்ப்ளியில் உங்கள் பழைய கோடு இருக்காது. பின்ச் போல்ட் உட்காரும் பள்ளம் அல்லது தட்டைப் பக்கம்தான் அடையாளம். பல் சேர்ந்து முழுதாக உள்ளே போனபின், போல்ட் துளை வழியே டார்ச் அடித்தால் ஷாஃப்டின் பள்ளம் துளைக்கு நேராகத் தெரிய வேண்டும். போல்ட் விரலாலேயே சுழன்று போக வேண்டும். பாதி நுழைந்த ஷாஃப்டிலும் போல்ட்டை ஸ்பானர் போட்டு இறுக்கிவிட முடியும், பிடித்த மாதிரியே தோன்றும். ஒருநாள் திருப்பத்தில் கழன்றுவரும்.

இன்டர்மீடியட் ஷாஃப்டை இரண்டாகப் பிரித்திருந்தால் கவனம். இரு முனைக் கிராஸ்களின் கவைகளும் ஒரே நேராக நிற்க வேண்டும். பல் தள்ளிப் போட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை ஸ்டியரிங் கனத்து, இரண்டு தடவை இலேசாகும். பவர் ஸ்டியரிங் பழுது என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுவார்கள்.

பிறகு கீழ் நட் இரண்டு, மேல் நட் இரண்டு என்ற வரிசையில் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். கடைசியில் பின்ச் போல்ட், நீல திரெட் லாக் ஒரு சொட்டு விட்டு. இறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டு எண்தான் முடிவு. ஒரு சிறு காரில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள: மாட்டும் நட் 14, பின்ச் போல்ட் 25, வீல் நட் 33 நியூட்டன் மீட்டர். மாட்டும் நட்டின் அளவு எவ்வளவு சிறியது என்று கவனியுங்கள். கேப்ஸ்யூல் நசுங்காமல் இருப்பதற்காகத்தான் அது. இம்பேக்ட் கன்னை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

கிளாக் ஸ்பிரிங்கில் டேப் கழன்றுவிட்டாலோ சந்தேகம் இருந்தாலோ மறுபடி நடுவில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மெதுவாக, தடுக்கும்வரை சுற்றி, பிறகு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். பல வண்டிகளில் மொத்த ஓட்டம் ஏறக்குறைய 5 சுற்று, அதனால் இரண்டரைச் சுற்றில் அம்புக்குறிகள் சேரும். நடு தப்பி மாட்டினால், முதல் யூ டர்னிலேயே உள்ளிருக்கும் ரிப்பன் அறுந்து ஹாரனும் போகும், ஏர்பேக் விளக்கும் எரியும்.

சோதனை

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பேட்டரி இணைக்கும் முன்பே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றுங்கள். எந்த வயரும் இழுபடக் கூடாது, ஷாஃப்ட் கார்ப்பெட்டிலோ பெடலிலோ உரசக் கூடாது. தரையில் ஷாஃப்ட் நுழையும் ரப்பர் பூட் கீச்சிட்டால் உதட்டில் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பேட்டரி கொடுத்தபின் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். இண்டிகேட்டர் திருப்பம் முடிந்ததும் தானாக விழ வேண்டும். விழவில்லையென்றால் கிளாக் ஸ்பிரிங்கும் காம்பி ஸ்விட்சும் சரியாகக் கோக்கவில்லை. எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், ஈ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஏற்பாடு) உள்ள வண்டியில் ஸ்கேனர் போட்டு ஸ்டியரிங்கின் நடுநிலையைப் பதிவு செய்யாமல் ரோட்டில் எடுக்காதீர்கள். பவர் ஒரு பக்கம் கூடுதலாகத் தள்ளும்.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில், 20 கிலோமீட்டர் வேகத்தில், எட்டுப் போட்டுப் பாருங்கள். பிறகு ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்று பார்க்க எல்லோரும் நான்குவழிச் சாலைக்குத்தான் போவார்கள். ஆனி முதல் ஆவணி வரை வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கம் போகாதீர்கள். காற்றாலை சுற்றும் அந்த மேல்காற்று (மேற்கிலிருந்து வீசுவது) வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். நாம் ஸ்டியரிங்கைச் சற்று மேற்கே பிடித்தபடி ஓட்டுவோம், பல் தள்ளி மாட்டிவிட்டோம் என்று தோன்றும். அதிகாலையில் காற்று எழும் முன், போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓட்டுங்கள். இரண்டு திசையிலும் ஸ்டியரிங் ஒரே பக்கம் சாய்ந்தால் பல் தள்ளியிருக்கிறது. திசைக்கேற்பப் பக்கம் மாறினால் காற்றின் வேலை.

நட்டிலிருந்து பிராக்கெட்வரை ஒரு பெயின்ட் கோடு போட்டு வைத்தால், 500 கிலோமீட்டர் ஓடியபின் ஸ்பானர் எடுக்காமலே, டார்ச் அடித்துப் பார்த்தால் நட் நகர்ந்ததா என்று தெரிந்துவிடும். பில்லையும் பார்ட் நம்பரையும் ஆர்.சி. உறையிலேயே வையுங்கள். எஃப்.சி. காட்டும்போதோ இன்சூரன்ஸ் ஆள் கேட்கும்போதோ, கம்பெனி பாகம்தான் மாட்டியிருக்கிறது என்று காட்ட உதவும்.